மூளைக்கு ஜாடி இல்லை!

எகிப்து மம்மியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதன் அருகில் வைத்த நான்கு ஜாடிகளைப் பற்றி இன்று கொஞ்சம் எழுதுகிறேன்.

உடலைப் பதப்படுத்தும்போது இடப்பக்க விலாவுக்குக் கீழே கீறி, உள்ளுறுப்புகளை வெளியே எடுப்பார்கள். முதலில் அழுகுவது அவைதானே! ஆனால் வீசிவிட மாட்டார்கள். நேட்ரான் என்ற உப்பில் உலர்த்தி, துணியில் சுற்றி, ஜாடிகளில் வைப்பார்கள். காவலுக்கு ஹோரஸ் கடவுளின் நான்கு மகன்கள்:

கல்லீரல் - மனிதத் தலை இம்செட்டி
நுரையீரல் - பபூன் குரங்குத் தலை ஹாப்பி
இரைப்பை - நரித் தலை துவாமுதெஃப்
குடல் - வல்லூறுத் தலை கெபெசெனுவெஃப்

விலங்குத் தலைகள் பிற்பாடு வந்தவை. 1922-ல் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில் நான்கு மூடிகளிலும் மனித முகம்தான்.

வகுப்பில் இதைச் சொன்னால் ஏதாவது ஒரு பிள்ளை, "மூளை எந்த ஜாடியில சார்?" என்று கேட்கும். மூளைக்கு ஜாடி கிடையாது! மூக்கு வழியாகக் கொக்கியை விட்டு எடுத்து எறிந்துவிடுவார்கள். அறிவு, நினைவு எல்லாம் இதயத்தில் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். அதனால் இதயத்தை உடம்பிலேயே விட்டார்கள். மறுமையில் மாஅத் தேவதையின் இறகோடு அதை எடை போடுவார்களாம். பாவத்தால் கனத்தால் அம்மிட் என்ற மிருகம் விழுங்கிவிடும். பிறகு அந்த மனிதனுக்கு மறுவாழ்வே இல்லை.

கி.மு. 1000-ஐ ஒட்டி முறை மாறியது. உறுப்புகளைப் பொட்டலமாகக் கட்டி உடம்புக்குள்ளேயே திரும்ப வைத்தார்கள். ஆனாலும் ஜாடி வைக்கும் வழக்கத்தை விடவில்லை. சில ஜாடிகளை உள்ளே குடையாமலே செய்து வைத்தார்கள். தேவை போனாலும் காவல் போகக்கூடாது என்ற மனம் அது.

இத்தனை ஏற்பாடும் வசதி உள்ளவர்களுக்கே. ஏழைகளைப் பாயிலோ துணியிலோ சுற்றி மணலில் புதைத்தார்கள்.

ஆனால் ஒன்று பாருங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜெபலீன் என்ற ஊரில் கிடைத்த ஓர் உடல் இருக்கிறது. 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பிரமிடுகள் எழுவதற்கும் முந்தியது. கீறவில்லை, ஜாடி இல்லை, தங்கம் இல்லை. வெறும் குழி, சுடுமணல். மணலே ஈரத்தை உறிஞ்சிக் காத்துவிட்டது. தலைமுடிகூட இன்னும் இருக்கிறது.

பொன்னும் கல்லும் கொட்டிச் செய்த வேலையை, ஏழையின் குழியில் மணல் சும்மாவே செய்திருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் என்ன கேள்வி கேட்டார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.