கம்பி சென்ற வழியும் நில உரிமையும்

தொலைத்தொடர்பின் வரலாறு கருவிகளின் வரலாறு மட்டுமன்று. அக்கருவிகள் கடந்து சென்ற நிலத்தின் வரலாறும் ஆகும். இணையக் கோபுரம் எழுப்பவும் கண்ணாடி இழைக் கம்பி புதைக்கவும் அனுமதி பெறுவதில் காலம் நீள்வது ஏன் என்று ஆராய்வோர், இவ்வுண்மையிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி 1871ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. ஆழ்கடலுக்குப் பட்டாதாரர் இல்லை. கம்பி கரையேறும் இடங்களில் மட்டுமே இசைவு தேவைப்பட்டது. நிலத்தின் இயல்பு வேறு. ஆதலால் இந்தியாவில் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், நிலத்தை விலைக்கு வாங்காமலே கம்பம் நடும் உரிமையை அரசுக்கு அளித்து, சேதத்திற்கு இழப்பீடு தரவும் விதித்தது.

போர்டிக்சனும் இத்தகைய ஒரு வழித்தடத்தைக் கண்ட ஊரே. சிரம்பானையும் இத்துறைமுகத்தையும் இணைத்த சுங்கை ஊஜோங் இரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது. அதனை அமைத்தது ஒரு தனியார் கம்பெனி. அந்நாளில் கம்பெனிக்குச் சலுகை வழங்கியதும் நிலத்தை ஆண்டதும் ஒரே ஆட்சி. ஓரிடத்தில் கேட்டால் போதும்.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது நிலைமை மாறியது. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை, தொலைத்தொடர்பைக் கூட்டரசுக்கும் நிலத்தை மாநிலங்களுக்கும் பிரித்தளித்தது. 1966இல் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டமும் மாநிலத்தின் நில அதிகாரத்தைப் பேணியது. ஆகவே கூட்டரசின் உரிமம் பெற்ற நிறுவனமும், போர்டிக்சனில் ஒரு கோபுரம் எழுப்ப நில அலுவலகத்தையும் நகராண்மைக் கழகத்தையும் நாடியே ஆகவேண்டும். இது எவருடைய சோம்பலாலும் விளைந்ததன்று. கூட்டாட்சியின் அமைப்பிலேயே உள்ளது. 2020இல் அறிவிக்கப்பட்ட ‘ஜெண்டேலா’ திட்டம் மாநில அரசுகளின் ஒத்துழைப்பை நாடியதும் இதனாலேயே.

பிற நாடுகள் இத்தாமதத்திற்குக் கெடு விதித்துள்ளன. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு விதிகள் 60 நாட்களுக்குள் முடிவு கூறப் பணித்தன. அமெரிக்கா, கூட்டரசு நிலங்களில் அலைக்கம்பம் முதலியன அமைக்கக் கோரும் விண்ணப்பங்களுக்கு 2018இல் 270 நாள் எல்லை வகுத்தது. கெடு நன்றே. மறுப்பதாயினும் காரணத்தோடு, காலத்தில் மறுக்கவேண்டும் என்னும் முறை மக்களுக்கும் நன்மை தருவது.

எனினும் தமிழர் கருதத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. பொது நிலத்தில் அனுமதி விரைந்தாலும் கம்பி தோட்டத்து வாயிலில் நின்றுவிடக்கூடும். சுவா பெத்தோங் போன்ற தோட்டங்களின் உட்சாலையும் லயன் வரிசையும் நிறுவனத்தின் நிலம். அங்கே நிர்வாகத்தின் இசைவு மூன்றாவது திறவுகோலாகிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் அத்தகைய நிலத்தில் எழுந்தவையே. அவற்றுள் பல இன்னும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாயிருப்பதற்கு அதுவே காரணம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடம் இணையத்திற்கு மாறியபோது, கம்பி எட்டாத வீட்டில் பாடமும் எட்டவில்லை.

ஆதலின் அனுமதியை விரைவுபடுத்தும் எச்சீர்திருத்தமும் நெடுஞ்சாலை ஓரத்தோடு முடிதல் கூடாது. மாநில நிலத்திற்கு விதிக்கும் கெடுவைத் தோட்டச் சாலைக்கும் விரித்து, பள்ளிக்கும் லயத்திற்கும் ஒரே விண்ணப்பத்தில் வழிகோலுதல் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் தத்தம் பள்ளி நிற்கும் நிலம் யாருடையது என்பதை முதலில் தெளிந்துகொண்டால், எந்தக் கதவைத் தட்டுவது என்பது விளங்கும்.