கை நம்பி உண்ணல்: தீவகத்து உணவு வரலாற்றில் ஒரு பிரச்சினை

யப்பானிய உணவகங்களிலே ‘ஒமாக்காசே’ என்றொரு வழக்கம் உண்டு. உண்ண வந்தவர் இன்ன உணவு வேண்டுமெனக் கேட்பதில்லை, விலைப்பட்டியலும் பார்ப்பதில்லை. மேடைக்கு அப்பால் நிற்கும் சமையற்காரர் அன்று கிடைத்த மீனை நோக்கி, எதை முதலில் தருவது, எதைப் பின்னர் தருவது என்று தாமே முடிவு செய்து, ஒவ்வொன்றாகக் கையாற் பிடித்து வைப்பார். ‘உம்மிடமே விட்டுவிடுகிறேன்’ என்பதே அச்சொல்லின் பொருள். செல்வருக்கே உரியதெனக் கருதப்பட்ட இவ்வழக்கம், அண்மைக் காலத்திற் பெருநகரங்கள் பலவற்றில் நடுத்தர ஊதியக்காரரும் எட்டக்கூடிய விலைக்கு இறங்கியுள்ளது. சில இருக்கைகள், வரையறுத்த நேரம், முன்கூட்டியே சொல்லப்பட்ட விலை என்பனவே அவ்விறக்கத்தின் உபாயங்கள். அத்தகைய மேடையின் முன் அமர்பவர், முன்பின் அறியாத ஒருவரின் வெறுங்கை பிடித்த சோற்றையும் பச்சை மீனையும் வாயிலிடுகிறார். அக்கை யாருடையது என்று அவர் வினவுவதில்லை.

யாழ்ப்பாணத் தீவகத்தின் சமூக வரலாற்றை நோக்குவோருக்கு இது அற்ப விடயமன்று. யார் கையால் உண்பது, யாருடன் இருந்து உண்பது, எந்தப் பாத்திரத்தில் உண்பது என்பன நமது சமுதாயத்திலே சுவைக்கு முற்பட்ட வினாக்களாக இருந்துள்ளன. அவ்வினாக்கள் எவ்விடத்தில், எக்காரணங்களால் தளர்ந்தன, எவ்விடத்தில் தளராது நின்றன என்பதையே ஈண்டு நோக்க முற்படுகின்றோம்.

சுசியின் வரலாறு நம்மவர் பலர் எண்ணுவது போன்று அரண்மனையிலோ பெருமாளிகையிலோ தொடங்கியதன்று. மீனை உப்பும் சோறும் இட்டுப் புளிக்கவைத்துக் காக்கும் பழைய முறையொன்றிலிருந்து அது கிளைத்தது. அன்றன்றைய மீனைப் புளிக்காடி கலந்த சோற்றின்மீது வைத்துக் கையாற் பிடித்துத் தரும் இன்றைய வடிவம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடோ நகரத்துத் (இன்றைய ரோக்கியோ) தெருவோரத் தட்டிக்கடைகளில் உருப்பெற்றது. ஹனயா யோஹே என்பவரின் பெயர் இதனுடன் இணைத்துப் பேசப்படும். கூலியாட்களும் கைவினைஞரும் நின்ற நிலையில் விரைவாக உண்டு செல்வதற்கான உணவு அது. 1923இன் பெருநிலநடுக்கம் தலைநகரத்துச் சமையற்காரரை ஊர்களுக்குச் சிதறடித்தது. அவர்களுடன் அவ்வுணவும் பரந்தது. போருக்குப் பின், 1947இல் உணவகங்கள் கட்டுப்படுத்தப்பட்டவேளை, உண்பவர் தமது பங்கீட்டு அரிசியில் ஒரு கோப்பையளவைக் கொண்டுவந்து கொடுத்துச் செய்கூலி செலுத்திப் பத்துத் துண்டு சுசி பெறும் ஏற்பாட்டினாலேயே கடைகள் பிழைத்தன. 1958இல் ஒசாக்காப் பகுதியில் சிராயிசி யோசியாக்கி என்பவர் தட்டுகளைச் சுழலும் பட்டியில் ஓடவிட்டு விலையைக் குறைத்தார். பின்வந்த செல்வச் செழிப்பின் காலத்திலேதான் அது பெருவிலைப் பண்டமாயிற்று. தெருவிலிருந்து மாளிகைக்கு ஏறிய உணவு இப்போது பாதி வழி இறங்கிவருகிறது எனலாம்.

யப்பானியச் சமுதாயம் தீண்டாமையை அறியாததன்று. தோல்வேலையும் விலங்கறுத்தலும் செய்தோரை ஊர்ப்புறத்தே ஒதுக்கிவைத்த சமுதாயமே அது. 1871இல் அரச ஆணையால் அந்நிலை நீக்கப்பட்ட பின்னரும் பாகுபாடு முற்றாக மறையவில்லை. எனினும், மீன் விற்போரும் சுசி பிடிப்போரும் அவ்வொதுக்கலுள் அடங்கவில்லை. இவ்வொரு வேறுபாடே நமது ஒப்பீட்டுக்குப் போதுமானது.

இனித் தீவகத்துக்கு வருவோம். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலிய இத்தீவுகளிற் பலவற்றுக்கு ஒல்லாந்தர் தமது நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். வேலணைத் தீவு லைடன் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நயினாதீவு ஹார்லம் எனவும் வழங்கின. நெடுந்தீவு மட்டுமே டெல்வ்ற் என்ற பெயரை ஆங்கிலத்தில் இன்றும் சுமக்கிறது. அதற்கு நெடுங்காலம் முன்னரே ஊர்காவற்றுறை அயலவர் வந்திறங்கிய துறைமுகம். நயினாதீவிலே காணப்படும் முதலாம் பராக்கிரமபாகுவின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனம், பரதேசிகள் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும், அவர்கள் காக்கப்பட வேண்டும் என விதிக்கிறது. யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், வாணிகச் சரக்குக் கலம் உடைந்தாற் பாதியும் பண்டாரத்துக்கு உரியன என்றும் அது கூறும். பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து பதிப்பித்துள்ளார். அயலவர் இறங்கிய துறையில் அவர்க்குச் சோறிட்டோரும் இருந்திருப்பர் என ஊகிப்பது தவறாகாது.

துறை வளமாயினும் நிலம் வளமுடையதன்று. சுண்ணக்கல்லின் மேற் படிந்த மெல்லிய மண்; நெடுந்தீவிலே வேலிகள்கூட முருகைக்கல்லை அடுக்கியே அமைக்கப்பட்டன. நன்னீர் அரிது, நெல் வானம் பார்த்தது. ஆகவே இம்மக்களின் உணவைப் பனையும் கடலுமே தீர்மானித்தன. இவ்விரண்டும் ஒரு பானையிற் சந்திப்பதே ஒடியற்கூழ். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்து இடித்த மாவை நீரில் ஊறவிட்டு, காறலும் கைப்பும் போக வடித்தெடுப்பர். கொதிக்கும் பானையில் மீன்தலை, சிறுமீன், நண்டு, இறால், கணவாய் என்று அன்று கிடைத்தவை விழும். பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் முருங்கையிலையும் சேரும். செத்தல் மிளகாயும் புளியும் அரைத்துக் கரைத்த பின்னர் மா இடப்படும். பனையோலைப் பிளாவில் வார்த்து, பானையைச் சுற்றியிருந்து குடிப்பர். கூழுக்கு இன்ன மீன்தான் வேண்டும் என எவரும் கேட்பதில்லை. வலையில் வந்தது பானைக்குள் வரும். அகப்பை பிடிப்பவர் அளவைத் தீர்மானிப்பார். யப்பானியர் பெயரிட்டு விலைகூறும் வழக்கத்தை நம்மவர் பெயரிடாமலே கைக்கொண்டிருந்தனர்.

ஆயின், பானையைச் சுற்றியிருந்தோர் யாவர் என்ற வினா எழுகிறது. அவர்கள் உறவினர், ஒரே சாதியினர். கூழின் பொதுமை அவ்வட்டத்தின் விளிம்போடு நின்றுவிட்டது. பனையேறியவரின் உழைப்பு மாவிலும் பிளாவிலும் இருந்தது. மீன்பிடித்தவரின் உழைப்பு பானை முழுவதும் இருந்தது. இவர்களின் உழைப்பை ஏற்ற உயர்சாதிப் பந்தி இவர்களின் கையை ஏற்கவில்லை. சமையாத பொருளை எவரிடமும் வாங்கலாம், சமைத்ததை வாங்கலாகாது என்பதே விதி. நிலவுடைமையின் அதிகாரம் அடுப்பங்கரை வரை நீண்டதன் வெளிப்பாடு இது. இதற்குச் சூட்டப்பட்ட பெயர் சுத்தம். (வடமொழி வழி வந்த ‘சுசி’ என்னும் சொல்லுக்கும் நம்மிடையே சுத்தம் என்றே பொருள். ஒலியொற்றுமை வெறும் தற்செயலே. எனினும் ஒரு சுசி கையை விலக்கச் சொல்லியது, மற்றச் சுசி கையை நம்பச் சொல்கிறது.)

இந்நிலையிலே தீவக வரலாற்றின் சிறப்பானதொரு முரண்பாடு தோன்றுகிறது. நிலமும் நீரும் போதாமையாலே தீவக மக்கள் கடல்கடந்தும் தெற்கே சென்றும் வணிகத்தில் இறங்கினர். கொழும்பிலும் தென்னிலங்கை, மலையக நகரங்களிலும் புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, காரைநகர் முதலிய ஊரவர் நடத்திய பலசரக்குக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்நகரங்களின் அன்றாட வாழ்வோடு ஒன்றியிருந்தன. ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட இளைஞர் கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, கணக்கும் சமையலும் பழகினர். காலம் வாய்த்தோர் தாமே ஒரு கடை வைத்தனர். ஊதியம் குறைவு, வேலைநேரம் நீண்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உறவுமுறையின் பெயரால் உழைப்புச் சுரண்டப்பட்ட இடங்களும் அவையே.

அக்கடைகளில் உண்ட முறை கவனிப்புக்குரியது. மதியச் சோற்றுக்குப் பட்டியல் இல்லை, அன்றைய கறிகள் எவையோ அவை இலையில் விழும், விலை ஒன்றே. மாலையில் அமர்ந்தவர் கேளாமலே வடையும் பிறவும் நிரம்பிய தட்டொன்று மேசைக்கு வரும். உண்டதை எண்ணி அதற்கு மட்டும் காசு பெறுவர். எஞ்சியது அடுத்த மேசைக்குச் செல்லும். யப்பானிலே தட்டுகளைச் சுழலவிடப் பட்டி அமைக்கப்பட்டது. நம்மவர் கடையில் பரிமாறுபவரின் கால்களே அவ்வேலையைச் செய்தன. (இவ்வழக்கத்தைப் பற்றி நல்வாழ்வுப் பரிசோதகர் என்ன கருதுவர் என்பது வேறு விடயம்.) அந்த மேசையிலே சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும், எழுதுவினைஞரும் மூட்டை சுமப்போரும் இருந்தனர். காசு கொடுத்தவரின் பிறப்பைக் கல்லாவில் இருந்தவர் கேட்கவில்லை; சமைத்தவரின் பிறப்பை உண்டவர் கேட்கவில்லை. பலகையில் எழுதப்பட்ட ‘சைவ’ என்ற அடைமொழி ஒரு சாராருக்கு மறைமுகமான உத்தரவாதமாக இருந்தது உண்மையே. ஆயினும் சந்தை, சமையற்காரரின் கையைப் பெயரற்றதாக்கியது.

அதே காலத்திலே யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளின் நிலை என்ன? ஒடுக்கப்பட்டோர் உள்ளே அமர முடியாது. வெளியே நின்று போத்தலிலோ தகரத்திலோ சிரட்டையிலோ தேநீர் பெறவேண்டும். 1920களில் எழுந்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பாடசாலைகளிற் சம ஆசனத்தையும் சமபோசனத்தையும் வற்புறுத்தியது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், கடைகளில் இத்தகைய மறுப்பைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டில் இருந்தது. தனிக் குவளையும் இருந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதன் வழித் தோன்றிய தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், சங்கானை முதலிய இடங்களில் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே குவளையை உடைத்தன. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலும் டொமினிக் ஜீவாவின் சிறுகதைகளும் இவ்வொடுக்குமுறையை இலக்கியமாக்கின.

இவ்விரு காட்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்கவேண்டும். தெற்கிலே எவருக்கும் இலைபோட்ட கடையின் முதலாளி, விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் பழைய பந்தியின் விதிகளுள் மீண்டும் புகுந்துகொண்டார். தூரத்திலே இலாபம் சமத்துவத்தை அனுமதித்தது. ஊரிலே நிலமும் கோயிலும் கலியாணமும் அதனை மறுத்தன. வணிகமே சாதியைக் கரைத்துவிடும் என்று கருதுவோர் இத்தீவக அனுபவத்தைக் கணக்கிலெடுப்பதில்லை. குவளையை உடைத்தது வணிகமன்று, போராட்டமே என்பது நமது துணிபு.

இதற்கு மாறான மரபொன்றும் இதே கடலிலே நினைவுகூரப்படுகிறது. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் நயினாதீவே எனக் கொள்வோர் உளர். அதனை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டியதில்லை. அமுதசுரபியை முதலில் ஏந்திய ஆபுத்திரன், வேள்விப் பசுவை விடுவித்தமைக்காக அந்தணராற் பிறப்பிழிவு கூறி ஒதுக்கப்பட்டவன் என்பதே நமக்கு முக்கியமானது. ஒதுக்கப்பட்டவனின் கையிலிருந்தே வற்றாத சோறு வந்தது எனச் சாத்தனார் கதையை அமைத்தமை, யார் கையால் உண்பது என்ற வினாவுக்குப் பௌத்தம் அளித்த நேரடி மறுமொழி. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலை அண்டிய அன்னதான மண்டபம் இன்று அமுதசுரபியின் பெயரையே தாங்கி நிற்கிறது. குறிகட்டுவானிலிருந்து வள்ளமேறி வருவோர் அங்கே பந்தியில் அமர்கின்றனர். என்ன கறி என்று அங்கும் எவரும் கேட்பதில்லை.

1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலும், அவற்றினும் கொடியதாக 1983 யூலையிலும் தென்னிலங்கைத் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. தட்டு வைத்த மேசைகளும் அவற்றுள் எரிந்தன. 1990–91இல் தீவுகளிற் பெரும்பாலானவை இராணுவத்தின் வசமாக, மக்கள் திரளாக வெளியேறினர். பாரிஸ், தொறொன்ரோ முதலிய நகரங்களின் உணவகச் சமையலறைகள் ஈழத்தமிழரின் உழைப்பை அறியும். யப்பானிய உணவு விற்கும் கடைகளும் அதற்கு விலக்கல்ல. அல்லைப்பிட்டியிற் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தியும் பிரான்சில் உணவகத் தொழில் செய்தவரே. ஊரிலே பிறர் கையைப் பற்றி வினவிய சமுதாயத்தின் பிள்ளைகள், எவரும் வினவாத கைகளாக அங்கே மீன் அறுக்கின்றனர். கோடைகால ஊர்ச்சங்க ஒன்றுகூடல்களிற் பெரும்பானையிலே கூழ் காய்ச்சப்படுகிறது. அகப்பை பிடிப்பவர் யாரென்று அங்கே கேட்போர் இல்லை. கலியாணப் பேச்சு எழும்போதோ பழைய வினாவே திரும்புகிறது.

தீவகக் கடலின் நிலை வேறு. அங்கு பிடிபடும் நீலக்கால் நண்டு பதனிடப்பட்டு அமெரிக்கச் சந்தைக்குச் செல்கிறது. கடலட்டை சீனச் சந்தைக்கு உரியது. 2020களின் தொடக்கத்தில் ஆழங்குறைந்த கடற்பரப்பை அட்டைப் பண்ணைகளுக்கு அடைத்தபோது, கரைவலைக்கும் சிறுதொழிலுக்கும் இடமில்லாது போகிறதென மீனவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். நல்ல நண்டு பனிக்கட்டிப் பெட்டியில் ஏறிய பின்னர், கால் ஒடிந்ததும் அளவிற் சிறியதுமே கரையில் எஞ்சுகின்றன. அன்றைய கூழுக்குள் விழுபவை அவையே.