பலிபீடத்தின் முன் ஒரு பேரரசன்

யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பழைய ஏற்பாட்டில் யூபிலி அறிவிக்கப்பட்ட நாள் எது தெரியுமா? லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தின்படி, ஏழாம் மாதம் பத்தாம் நாள். அதாவது பாவப் பரிகார நாள். அன்றுதான் எக்காளம் முழங்கிற்று. அடிமைகளின் விடுதலையும், விற்ற நிலத்தை உரியவனுக்குத் திருப்புவதும் அறிவிக்கப்பட்டன. முதலில் பரிகாரம், பிறகே கொண்டாட்டம்.

அந்நாளில் தலைமைக்குரு பலிமிருகங்களின் இரத்தத்தோடு உள்தூயகத்தில் நுழைந்து மக்களுக்காகப் பரிகாரம் செய்வார். ஆண்டுதோறும் செய்யவேண்டியிருந்த அதனை, நம் ஆண்டவர் தம் சொந்த இரத்தத்தால் ஒரே முறை நிறைவேற்றினார் என்று எபிரேயர் திருமுகம் போதிக்கிறது. சிலுவையில் பலியான அதே கிறிஸ்துவே திருப்பலியில் இரத்தம் சிந்தாத முறையில் பலியாகிறார் என்று திரெந்து பொதுச்சங்கம் 1562-இல் அறிக்கையிட்டது.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது ஒன்றுமில்லையா? பாவம் செய்துவிட்டுத் திருப்பலியில் வந்து நின்றால் போதுமா? இக்கேள்விக்குத் திருச்சபை வரலாறு தரும் விடை ஒன்று உண்டு.

390-ஆம் ஆண்டு. தெசலோனிக்கா நகரில், மக்களின் அபிமானம் பெற்ற தேரோட்டி ஒருவனைச் சிறையிட்ட உரோமைப் படைத்தலைவர் புத்தெரிக், கலகக் கும்பலால் கொல்லப்பட்டார். சினமுற்ற பேரரசன் தெயதோசியுஸ் பழிவாங்க ஆணையிட்டான். குற்றவாளி யார், குற்றமற்றவர் யார் என்ற விசாரணையின்றி மக்கள் வெட்டி வீழ்த்தப்பட்டனர். ஏழாயிரம் பேர் மாண்டதாக 5-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தெயதோரெத் எழுதியுள்ளார்.

அப்போது மிலான் நகர ஆயராக இருந்தவர் புனித அம்புரோஸ். 387-இல் புனித அகுஸ்தினாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். பேரரசனோ கத்தோலிக்கன், ஆயரின் நண்பன். ஆயினும் அவர் வாளாவிருக்கவில்லை. பேரரசன் மட்டுமே படிக்கும்படி தம் கைப்படக் கடிதம் எழுதினார். பாவம் செய்த தாவீது அரசர் மனம் வருந்தியதை நினைவூட்டி, அரசரும் மனிதரே, கண்ணீராலும் தவத்தாலுமே பாவம் நீங்கும் என்றார். பேரரசன் வந்து நின்றால் தாம் பலி ஒப்புக்கொடுக்கத் துணியமாட்டார் என்றும் தெளிவாக எழுதினார்.

ஆலய வாயிலிலேயே ஆயர் பேரரசனைக் கைநீட்டித் தடுப்பதாக ஓவியங்கள் காட்டுவது பிற்காலக் கதை. உண்மையில் தடுத்தது ஒரு கடிதமே!

உலகாண்ட தெயதோசியுஸ் பணிந்தான். அரச சின்னங்களைக் களைந்து, ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் அழுது தவம் புரிந்தான். அதன் பின்னரே நற்கருணைப் பந்திக்கு அனுமதிக்கப்பட்டான். 395-இல் அவன் இறந்தபோது ஆற்றிய இரங்கலுரையில், இந்தத் தாழ்ச்சியையே புனிதர் போற்றிப் பேசினார்.

கல்வாரிப் பலி குற்றத்தை மறைக்கும் திரையன்று. குற்றவாளியை மனந்திருப்பும் அருள். தெசலோனிக்காவில் மாண்டவர்களைப் பேரரசனின் கண்ணீர் எழுப்பவில்லை. ஆனால் பாவத்தைப் பாவமென்று ஒப்புக்கொள்ளாத எவருக்கும், அவர் அரசரேயானாலும், பீடத்தண்டை குறுக்குவழி இல்லை என்பதை அது உலகுக்குக் காட்டியது.

அன்பார்ந்த பங்கு மக்களே, பேசாதிருக்கும் உடன்பிறப்பும், திருப்பிக் கொடுக்காத கடனும், அபகரித்த வரப்பும் நம்மிடையே இல்லையா? அவற்றைச் சரிசெய்து பாவசங்கீர்த்தனத் தொட்டியை அணுகுவோம். அப்போது நம் ஆலய மணி உண்மையான யூபிலி எக்காளமாய் ஒலிக்கும்.