கிறிஸ்துவைப் பின்பற்றுதல்

கிறிஸ்துவைப் பின்பற்றுதல் என்பது இயேசுவின் வாழ்வை முன்மாதிரியாகக் கொண்டு, கடவுளின் அன்பைப் பிறரிடம் செயலில் காட்டி வாழும் கிறிஸ்தவ நெறி. இதன் வடிவம் காலந்தோறும் மாறியுள்ளது. அன்பே இதன் அளவுகோல் என்பது மாறவில்லை.

வேதாகம அடிப்படை

கடவுள் பரிசுத்தர், ஆகவே அவருடைய மக்களும் பரிசுத்தராக இருக்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 19ஆம் அதிகாரம். வயலோரத்துக் கதிரை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவைப்பதும், கூலியாளின் கூலியை மறுநாள்வரை நிறுத்தி வைக்காமல் கொடுப்பதும் அந்தப் பரிசுத்தத்தின் அடையாளங்களாக அங்கே விதிக்கப்படுகின்றன. நல்லோர்க்கும் தீயோர்க்கும் வெயிலும் மழையும் தரும் பரமபிதாவைப் போலப் பகைவரையும் நேசிக்க வேண்டும் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு கற்பித்தார். கடைசி இராவுணவின்போது சீடர்களின் கால்களைக் கழுவி, அதையே அவர்களுக்கு மாதிரியாக வைத்தார். பவுலின் பெயரில் வழங்கும் எபேசியர் நிருபம் 5ஆம் அதிகாரம், அன்பான பிள்ளைகளாகக் கடவுளைப் பின்பற்றும்படி அழைக்கிறது.

தொடக்கத் திருச்சபை

2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமுக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோக்கியா ஆயர் இக்னாசியார், இயேசுவின் பாடுகளில் பங்குபெறுவதே பின்பற்றுதல் எனக் கருதினார். தியோக்னேத்துவுக்கு எழுதப்பட்ட பழைய நிருபம் வேறொரு வழியைக் காட்டியது. அயலானை அடக்கி ஆள்பவன் கடவுளைப் பின்பற்றுபவன் அல்லன். அயலானின் சுமையைத் தாங்கி, இல்லாதவனுக்குக் கொடுப்பவனே பின்பற்றுபவன். 4ஆம் நூற்றாண்டில் செசரியாவில் பசிலியார் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் அமைத்த இல்லம் இந்த எண்ணத்துக்குக் கட்டடமாகவே உருக்கொடுத்தது.

இடைக்காலம்

துணி வணிகரின் மகனான அசிசி பிரான்சிஸ் (இறப்பு 1226) சொத்தைத் துறந்து, தொழுநோயாளரிடையே பணியாற்றினார். 14ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் தெவெந்தர் நகரில் கெயர்ட் குரோட்டே தொடங்கிய பக்தி இயக்கம், எளிய வாழ்வையும் உள்ளத் தூய்மையையும் வலியுறுத்தியது. அம்மரபில் வந்த துறவி தாமஸ் அ கெம்பிஸ் (இறப்பு 1471) எழுதியதாகக் கொள்ளப்படும் லத்தீன் நூல் தமிழில் ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ என்று வழங்குகிறது. விவேகானந்தர் அந்நூலின் ஒரு பகுதியை வங்காள மொழியில் மொழிபெயர்த்தார்.

சீர்திருத்தக் காலமும் பின்னரும்

கிறிஸ்துவை முதலில் கடவுளின் கொடையாக ஏற்க வேண்டும், அதன் பிறகே முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்று மார்ட்டின் லூத்தர் வரிசைப்படுத்தினார். நற்செயல் மீட்புக்கான விலை அன்று, மீட்பின் கனி என்பது அவர் கருத்து. அந்த லூத்தரன் மரபிலேயே வந்த டீட்ரிக் போன்ஹோஃபர், கீழ்ப்படிதலைக் கேட்காத மலிவான கிருபையை 1937இல் வெளியான தமது நூலில் கண்டித்தார். நாஜி ஆட்சியை எதிர்த்த அவர் 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார்.

மடத்தின் தனிமையிலும் மருத்துவ இல்லத்திலும் சிறையிலும் வாழப்பட்ட இந்நெறியின் உண்மை, அயலானுக்கு அதனால் விளைந்த நன்மையைக் கொண்டே அறியப்படும்.