சீமைப் பீங்கான் – 14: நங்கூரம் தேடிய சீமாட்டி

ஸ்டோக் நகரத்து ஸ்போட், மாட்டெலும்புச் சாம்பலைக் கொண்டு ஆங்கிலப் பீங்கானின் தலையெழுத்தை மாற்றிய கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். வழியில் ஒரு சீமாட்டி குறுக்கே வந்துவிட்டார். விலகிப் போக மனம் வரவில்லை.

சார்லட் ஷ்ரைபர். 1812இல் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். டவுலைஸ் இரும்பாலை முதலாளி ஜான் கெஸ்டை மணந்து பத்துப் பிள்ளை பெற்றார். நடுவிலேயே வெல்ஷ் மொழி கற்று ‘மாபினோகியன்’ கதைகளை ஆங்கிலமாக்கினார். 1852இல் கணவர் போனதும் ஆலைப் பொறுப்பும் அவர் தலையில். மூன்றே வருடத்தில், மகனுக்குப் பாடம் சொல்ல வந்த சார்லஸ் ஷ்ரைபரைக் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை பதினான்கு வயது இளையவர். ஊர் சும்மா இருக்குமா? பேசியது. பேசட்டும் என்று விட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்கு இவர் நாயகி.

பிறகு இருவரும் ஹாலந்து, ஜெர்மனி, ஸ்பெயின் என்று சந்துக் கடைகளில் பீங்கான் வேட்டை. செல்சீ சாமான் என்றால் சீமாட்டிக்கு உயிர். லியேஜிலிருந்து லண்டன் வந்த வெள்ளித் தட்டான் ஸ்ப்ரிமான்ட் நடத்திய பட்டறை அது. 1750களின் நடுவில் அங்கே செய்த தட்டைக் கவிழ்த்தால் ஒரு சிவப்பு நங்கூரம் இருக்கும்; கால் அங்குலம்கூட இராது. பக்கத்தில் சூளைத் தாங்கியின் முனைகள் பதிந்த மூன்று தழும்புகள். விளக்குக்கு நேரே பிடித்தால் உள்ளே வெளிர் வட்டங்கள் தெரியும். மண்ணில் சிக்கிய காற்றுக் குமிழிகள்தாம். சேகரிப்பவர்கள் ‘நிலா’ என்பார்கள்.

நிலா இல்லாமல் நங்கூரம் மட்டும் பெரிதாக மின்னினால் உஷார்! பாரிஸில் சாம்சன் என்றொரு கம்பெனி இருந்தது. பழைய சாமானுக்கு மாற்றுத் துண்டு செய்து தருகிறேன் என்று ஆரம்பித்து, செல்சீயையும் ஜெர்மனியின் மைசன் பீங்கானையும் நகலெடுத்துத் தள்ளியது. இந்தக் கதையின் வில்லன் யார் என்று கேட்டால் சாம்சனைத்தான் காட்டுவேன்.

1884இல் லிஸ்பனில் சார்லஸ் இறந்தார். சேர்த்த ஆங்கிலப் பீங்கானையெல்லாம் அவர் நினைவாக சவுத் கென்சிங்டன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார் சார்லட். இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் அதுதான். எழுபதைத் தாண்டியும் கை சும்மா இருக்கவில்லை. விசிறி, சீட்டுக்கட்டு என்று இறங்கினார். அவை பிரிட்டிஷ் மியூசியம் போய்ச் சேர்ந்தன.

ஸ்போடின் எலும்புச் சாம்பல் அடுத்த இதழில்.

(தொடரும்)