காஸ் கம்பெனி குமாஸ்தா

1887-ம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில், பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் பகுதியில் ஒருவர் கைவண்டியில் மேஜை நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போனார். வீடு மாற்றவில்லை. தம் தாயாரின் சாப்பாட்டு அறைச் சாமான்களை நாடக மேடைக்காகக் கொண்டு போனார். அவர் பெயர் ஆந்த்ரே அந்த்வான். வயது 29. காஸ் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம்.

நடிப்புப் பள்ளியில் இடம் கேட்டு, இல்லை என்று சொல்லப்பட்டவர் அவர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பகலில் காகிதம் எழுதினார். மாலையில் ஓர் அமெச்சூர் சங்கத்தில் நடித்தார். எல்லா ஊரிலும் இப்படிச் சிலர் உண்டு. ஆனால் அந்த்வானுக்குப் பழைய நாடகங்களையே திருப்பித் திருப்பிப் போடுவதில் சலிப்பு வந்துவிட்டது. யாரும் மேடை ஏற்றாத புது நாடகங்கள் நாலைச் சேகரித்தார். அதில் ஒன்று, ஸோலாவின் கதையை ஹென்னிக் என்பவர் நாடகமாக்கிய 'ஜாக் தமூர்'. ஓதியோன் என்ற பெரிய நாடக சாலை வேண்டாமென்று தள்ளிய நாடகம். ஸோலாவின் பெயரைக் கேட்டதும் சங்கத்துப் பெரியவர்கள் பயந்தார்கள். எங்கள் பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் புதுப் பெயர் தேவைப்பட்டது. 'தேயாத்ர் லீப்ர்', அதாவது சுதந்திர நாடக சாலை.

சம்பள நாளைப் பார்த்துத்தான் நாடகத் தேதியையே வைத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம். மார்ச் 30-ம் தேதி, 350 பேர்கூட உட்கார முடியாத ஒரு மரக் கொட்டகை. முதல் நாடகங்கள் எடுபடவில்லை. கடைசியில் 'ஜாக் தமூர்'. 1871-ம் வருஷத்துப் பாரிஸ் கலகத்தில் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டவன், செத்துப்போனான் என்று எல்லோரும் நினைத்திருக்கும்போது திரும்பி வருகிறான். மனைவி கசாப்புக்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு சுகமாக இருக்கிறாள். தமூராக நடித்தவர் அந்த்வான். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். ஸோலாவும் அன்று வந்திருந்தார். சில மாதங்களில் காஸ் கம்பெனிக்கு ராஜினாமாக் கடிதம் போய்விட்டது.

இங்கே ஒரு சூட்சுமத்தைச் சொல்ல வேண்டும். பிரான்ஸில் அப்போது சர்க்கார் தணிக்கை உண்டு. 1906 வரை இருந்தது. டிக்கெட் விற்றால் தணிக்கையாளரிடம் போக வேண்டும். அந்த்வான் டிக்கெட் விற்கவில்லை. வருஷச் சந்தா வாங்கி, அங்கத்தினர்களை மட்டும் அழைத்தார். தனி மனிதர் வீட்டு விருந்து மாதிரி. அதிகாரி எட்டிப் பார்க்க முடியாது. அதனால்தான் ருஷ்ய மேடையில் தடுக்கப்பட்டிருந்த டால்ஸ்டாயின் 'இருளின் வலிமை'யை 1888 பிப்ரவரியில் அவரால் போட முடிந்தது. பிரான்ஸின் பிரபல நாடகாசிரியர்கள் சிலர் இது மேடைக்கு ஏறாது என்று முன்கூட்டியே அபிப்பிராயம் சொல்லியிருந்தார்கள். ஏறியது. 1890-ல் இப்ஸனின் 'ஆவிகள்', 1893-ல் ஸ்டிரிண்ட்பெர்கின் 'மிஸ் ஜூலி', அதே வருஷம் ஹாப்ட்மனின் 'நெசவாளர்கள்' என்று மேலும் வந்தன.

நடிப்பையும் மாற்றினார். நடிகன் சபையைப் பார்த்து முழங்குவதுதான் அன்றைய வழக்கம். அந்த்வானோ, ஒரு நிஜ அறையின் நாலு சுவரில் ஒன்றை எடுத்துவிட்டதாக நினைத்துக்கொள் என்றார். வேண்டிய இடத்தில் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். 'அந்த்வானின் முதுகு' என்று கேலி செய்தார்கள்; அந்தக் கேலியே பிரசித்தியாகிவிட்டது. இதில் அவர் அளவு மீறியதும் உண்டு. 1888 அக்டோபரில் கசாப்புக்காரர்களைப் பற்றிய ஒரு நாடகத்துக்கு நிஜ மாமிசத்தையே மேடையில் தொங்கவிட்டார். மாமிசத்தைப் பார்ப்பவன் நாடகத்தைப் பார்க்க மாட்டான் என்பது என் கட்சி. அம்மாவின் மேஜை நாற்காலிகளே போதும்.

பெர்லினில் 1889-லும் லண்டனில் 1891-லும் இதே சந்தா ஏற்பாட்டில் நாடகக் குழுக்கள் கிளம்பின. இரண்டு இடத்திலும் முதல் நாடகம் 'ஆவிகள்'. ஆனால் பாரிஸில் அந்த்வானுக்கு அந்தச் சந்தாவே வினையாக வந்தது. அங்கத்தினர் எல்லோரும் ஒன்றிரண்டு இரவில் பார்த்துவிடுவார்கள். பிறகு யாருக்குப் போடுவது? ஒரு நாடகம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அதை வைத்து நாலு காசு சேர்க்க வழியில்லை. அடுத்த மாதம் புது நாடகம், புது ஜோடனை, புதுச் செலவு. இப்படி ஏழு வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்கள்! அவர் கண்டெடுத்த ஆசிரியர்களையும் நடிகர்களையும் பணமுள்ள நாடக சாலைகள் அழைத்துக்கொண்டன. 'ஜாக் தமூர்' நாடகத்தையே, பெயர் வாங்கியபின், ஓதியோன் ஏற்றுக்கொண்டது. போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் சாப்பிட வேண்டும். ஆனால் கைவண்டி தள்ளியவர் ஒருவர்தானே?

1894-ல் ஒரு லக்ஷம் பிராங்கு கடன். வெளிநாட்டுப் பயணத்தில் சம்பாதிக்கலாம் என்று குழுவோடு புறப்பட்டு, ரோம் நகரத்தில் பணமில்லாமல் நின்றார். தேயாத்ர் லீப்ரை வேறொருவர் கையில் விட்டார். அது 1896-ல் மூடியது.

அந்த்வான் ஓயவில்லை. அடுத்த வருஷமே தம் பெயரில் ஒரு நாடக சாலை திறந்தார். இந்தத் தடவை டிக்கெட் உண்டு. 1906-ல் சர்க்கார் அவரை அழைத்து ஓதியோனுக்கே டைரக்டராக நியமித்தது. எட்டு வருஷம் அங்கே இருந்தார். 1914-ல் வெளியே வந்தபோது, மறுபடியும் கடன்.