வரிசை தப்பாத வேகம்

1979-இல் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் கறாரான விதி ஒன்றை வகுத்தார்: பல செயலிகள் ஒரே நினைவகத்தைத் தொட்டாலும், எல்லாம் ஒரே வரிசையில் நடந்ததுபோல விடை வர வேண்டும். அழகான விதி, வேகத்துக்குத்தான் ஆகாது. ஒன்றை எழுதி முடிக்கும்வரை அடுத்த வாசிப்பு கைகட்டி நிற்கும்.

மும்பை ஐஐடியில் படித்து விஸ்கான்சின் போன சரிதா ஆத்வே, 1990-இல் மார்க் ஹில்லுடன் சேர்ந்து ஒரு பேரம் பேசினார். பகிர்ந்த தரவைக் காக்கும் பூட்டுகளை நிரலாளர் சரியாகக் குறிக்கட்டும். மற்றவற்றின் வரிசையை வன்பொருள் இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளட்டும். லாம்போர்ட் கேட்ட விடை வந்துவிடும்.

மறு ஆண்டே ஸ்டான்ஃபோர்டிலிருந்து இன்னொரு வழி. கராசோர்லூ, டெல்லி ஐஐடியில் படித்த அனூப் குப்தா, ஹென்னஸி மூவரும் விதியை மீறாமலே முந்தப் பார்த்தார்கள்: தரவை முன்கூட்டியே செயலியின் அருகிலுள்ள வேக நினைவகமான கேஷுக்குக் கொண்டுவா, ஊகத்தில் வாசி, இடையில் மதிப்பு மாறியிருந்தால் மட்டும் திரும்பச் செய். துணிச்சல்தான்!

ஆத்வேயின் பேரமோ ஜாவாவில் ஏறி, 2011-இல் சி பிளஸ் பிளஸ் மொழியின் தரத்திலும் இடம்பிடித்தது.